எட்டு மரக்கட்டைகள்

சர்க்கார்கள் காலங்காலமாக எத்தனையோ வஸ்துக்களைத் தடை செய்திருக்கின்றன. புத்தகங்களைத் தடை செய்திருக்கின்றன; நாடகங்களை, ஊர்வலங்களை, கொடிகளைத் தடை செய்திருக்கின்றன. நம் தேசத்தில் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுப்பதைக்கூடத் தடை செய்து பார்த்தார்கள். ஆனால் கம்பளி நூலால் பின்னிய ஆறு பந்துகளையும், உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் எட்டு மரக்கட்டைகளையும் வைத்துக்கொண்டு குழந்தைகள் விளையாடிய இடங்களை இழுத்து மூடும்படி ஒரு பெரிய ராஜ்யம் உத்தரவு போட்டது என்றால் நம்புவீர்களா? 1851-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ம் தேதி, பிரஷ்யாவின் கல்வி மந்திரி ஃபான் ரௌமர் என்பவர் அப்படி ஓர் உத்தரவு பிறப்பித்தார். பிரஷ்ய ராஜ்யத்தின் எல்லைக்குள் இனி யாரும் கிண்டர்கார்ட்டன் நடத்தக் கூடாது!

கதை எழுதுகிறவன் கண்ணில் இந்த மாதிரிச் சங்கதி பட்டால் அவனால் லேசில் விடமுடியாது. பட்டாளமும் பீரங்கியும் வைத்திருக்கிற ராஜ்யம், மூன்று வயசுக் குழந்தையின் கையிலிருக்கும் கட்டையைக் கண்டு எதற்காக நடுங்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்கு ஒரு மனிதரின் கதை கிடைத்தது. அதோடு ஒரு கட்டைப் பெட்டியின் கதையும் கிடைத்தது. அந்தப் பெட்டிக்குப் பகைவர்களால் வந்த கஷ்டம் ஒன்பது வருஷந்தான். பக்தர்களால் வந்த கஷ்டம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மனிதரின் பெயர் ஃபிரடரிக் ஃபிரோபெல். 1782-ம் வருஷம் ஏப்ரல் 21-ம் தேதி, ஜெர்மனியில் துரிங்கியாக் காட்டுப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைவதற்குள் தாயார் கண்ணை மூடிவிட்டாள். பிறகு மாற்றாந்தாய் வந்தாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்ததும் மூத்தாள் குழந்தை அவளுக்கு அந்நியமாகிவிட்டது. தகப்பனாருக்கோ சபைக் காரியங்களைக் கவனிக்கவே பொழுது போதவில்லை. வீட்டில் ஆட்கள் இருந்தும் பேச்சுத் துணை இல்லாத அந்தப் பையன், தோட்டத்துச் செடி கொடிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். பத்து வயசில் தாய்மாமன் வந்து அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். தாய்மாமன் வந்து காப்பாற்றுவது நம் ஊர்க் கதைகளில் மட்டுமே நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலும் அப்படித்தான் போலிருக்கிறது!

அதற்கப்புறம் அவர் பார்க்காத உத்தியோகம் பாக்கியில்லை. காட்டிலாகா அதிகாரி ஒருவரிடம் இரண்டு வருஷம் தொழில் பழகினார். யேனா சர்வகலாசாலையில் சேர்ந்து, கடன் பாக்கிக்காகச் சர்வகலாசாலையின் சிறையிலேயே ஒன்பது வாரம் அடைபட்டுக் கிடந்தார். கட்டடக் கலை படிக்கலாம் என்று பிராங்பர்ட்டுக்குப் போன இடத்தில் 1805-ல் பள்ளிக்கூட உபாத்தியாயரானார். அந்த உத்தியோகம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலாட்ஸி என்ற பெரியவர், வாயால் ஒப்பிப்பதை விடப் பொருளைக் கண்ணால் கண்டு தெரிந்துகொள்வதே படிப்பு என்று சொல்லிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இரண்டு வருஷம் தங்கினார். 1813-ல் நெப்போலியனை எதிர்த்துத் தொண்டர் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்.

யுத்தம் முடிந்து வந்த பிறகு கிடைத்த வேலைதான் நம் கதைக்கு முக்கியமானது. பெர்லின் சர்வகலாசாலையில் கனிப்பொருள் காட்சிசாலைக்கு அவர் உதவியாளரானார். வைஸ் என்ற பேராசிரியரின் கீழ், பளிங்குக் கற்களைத் தரம் பிரித்து வைக்கும் வேலை. பூட்டிய அறை; நிசப்தம்; கண்ணாடிப் பேழைகளில் கற்கள். ஒரு கல் கனசதுரமாக உடையும். இன்னொன்று எட்டு முகத்தோடு நிற்கும். எவரும் செதுக்காமல் அதனதன் உள்ளிருந்தே ஓர் ஒழுங்கு வெளிப்படுகிறது. தாயில்லாமல் தோட்டத்தில் வளர்ந்த மனிதருக்கு அந்தக் கற்களுக்கு நடுவில் என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. செடி உள்ளிருந்து வளர்கிறது. கல்லும் உள்ளிருந்தே உருவம் கொள்கிறது. குழந்தையை மட்டும் வெளியிலிருந்து தட்டித் தட்டி உருவாக்க முடியும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்?

பிறகு கைல்ஹௌ என்ற கிராமத்தில் பள்ளி நடத்தினார். 1826-ல் மனிதனின் கல்வியைப் பற்றி ஒரு கனமான புத்தகம் எழுதினார். அது இருக்கட்டும். அவருடைய உண்மையான வேலை, மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயசில், ஐம்பத்தைந்தில் ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஏழு வயசுப் பையனிடம் பாதி விஷயம் முன்பே கெட்டுப்போயிருக்கிறது, ஆரம்பிக்க வேண்டிய இடம் இதற்கும் முந்தியது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1837-ல் பிளாங்கன்புர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் ஒரு முழ நீளம். நல்ல வேளையாக ஒருநாள் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்துபோகும்போது, கீழே பள்ளத்தாக்கில் தெரிந்த ஊரைப் பார்த்ததும் சட்டென்று சொல் அகப்பட்டதாம். 'கிண்டர்' என்றால் குழந்தைகள். 'கார்ட்டன்' என்றால் தோட்டம். 1840-ம் வருஷம் ஜூன் மாதம் அந்தப் பெயர் ஊரறிய சூட்டப்பட்டது. இன்று நம் தெருக்கோடியில் 'எல். கே. ஜி.' என்று பலகை மாட்டியிருக்கிறதே, அந்த 'கே'யும் 'ஜி'யும் அன்று மலைப்பாதையில் பிறந்தவை.

சிறு குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் சிசுப் பள்ளிகள் அதற்கு முன்பும் ஐரோப்பாவில் இருந்தன. படிக்கட்டு மாதிரி பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்து ராகம் போட்டு ஒப்பிக்கச் சொல்வது அவற்றில் பலவற்றின் வழக்கம். ஃபிரோபெல் குழந்தையின் வாயை விட்டுக் கையைப் பிடித்தார். அந்தக் கைக்கு அவர் கொடுத்த சாமான்களுக்குப் 'பரிசு' என்றே பெயர் வைத்தார்.

முதல் பரிசு, கம்பளி நூலால் பின்னிய ஆறு மெத்தென்ற பந்துகள். வானவில்லின் ஆறு நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்குத் தாய் அதை ஆட்டிக் காட்டலாம். 'இதோ வந்தது, இதோ போயிற்று' என்று பாடலாம். இரண்டாவது பரிசு மரத்தாலானது: ஓர் உருண்டை, ஒரு கனசதுரம், நடுவில் இரண்டின் குணமும் கொண்ட ஓர் உருளை. உருண்டை தள்ளினால் ஓடும்; கனசதுரம் அசையாமல் உட்காரும்; உருளையோ படுக்க வைத்தால் ஓடும், நிறுத்தி வைத்தால் நிற்கும். இவற்றைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றினால் கனசதுரத்துக்குள்ளிருந்து உருளை தோன்றும்! பெரியவர்களே வாயைப் பிளந்து பார்க்கிற வேடிக்கை இது. வேண்டுமானால் ஒரு கட்டையை நூலில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது பரிசுதான் நான் சொன்ன எட்டு மரக்கட்டைகள். இரண்டங்குலக் கனசதுரம் ஒன்றை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக வெட்டினால் ஓரங்குலக் கட்டைகள் எட்டுக் கிடைக்குமல்லவா? அவ்வளவுதான். ஆனால் பெட்டியைத் திறக்கிற முறை ஒன்று உண்டு. மூடியைச் சற்றே இழுத்துவிட்டு, பெட்டியை மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பிறகு மூடியை மெல்ல உருவிவிட்டுப் பெட்டியை மேலே தூக்க வேண்டும். சிதறலாகக் கொட்டாமல், முழுசாக ஒரே கனசதுரமாக அது குழந்தையின் முன்னால் நிற்கும். முதலில் முழுமையைப் பார், பிறகு பிரி. பிரித்தாயா? உன் இஷ்டம்போல் கட்டு. ஆட்டம் முடிந்ததும் மறுபடி முழுமையாக அடுக்கிப் பெட்டியால் மூடு.

கட்டுவதில் மூன்று விதம் சொன்னார். நாற்காலி, படிக்கட்டு, கிணறு, கோயில் என்று வாழ்க்கையில் கண்டதைக் கட்டுவது ஒன்று. நடுவில் நான்கை வைத்துச் சுற்றிலும் நான்கை நகர்த்தி நகர்த்திக் கோலம்போல் அழகு காட்டுவது இன்னொன்று. இரண்டும் இரண்டும் நான்கு, நாலில் பாதி இரண்டு என்று கணக்கை விரலால் கண்டுபிடிப்பது மூன்றாவது. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண் குழந்தைக்கு இந்த இரண்டாவது விதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாவது பரிசுக்கு வரும்போது கட்டைகள் 39 ஆகிவிடும். அதில் முக்கோணங்களும் சேரும். கூரை போட்ட வீடு கட்டலாம். இவற்றோடு காகிதம் மடித்தல், கத்தரித்தல், பின்னுதல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகிக் கூடு கட்டுதல் என்று கைவேலைகள். தவிர, உண்மையான தோட்டமும் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. விதைக்கிறதும் தண்ணீர் ஊற்றுகிறதும் அதன் பொறுப்பு.

இதில் ராஜத் துரோகம் எங்கே இருக்கிறது?

1849-ல் லீபன்ஸ்டைன் என்ற ஊருக்கு மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டி என்ற பிரபு குலத்துப் பெண்மணி வந்தாள். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டபோது, நரைத்த தலையோடு ஒரு கிழவர் கிராமத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஆடிப் பாடுகிறார், அவருக்குக் கிழட்டுப் பைத்தியம் என்று பெயர் என்றார்கள். சீமாட்டி போய்ப் பார்த்தாள். பார்த்தவள் அந்தப் பைத்தியத்துக்கே சிஷ்யையாகிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்துத் தடையுத்தரவு வந்தபோது, பெரிய மனிதர்களிடம் வாதாடக் கிழவருக்கு அவள்தான் துணை நின்றாள்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் இது: கிண்டர்கார்ட்டன் என்பது ஃபிரோபெலின் சோஷலிஸ ஏற்பாட்டில் ஒரு பகுதி; இளம் உள்ளங்களில் நாஸ்திகத்தை விதைப்பது. பாதிரியாரின் பிள்ளை, வாக்கியத்துக்கு வாக்கியம் கடவுளைச் சொல்லாமல் எழுதத் தெரியாத மனிதர், நாஸ்திகராம்! விஷயம் என்னவென்றால், அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃபிரோபெல் என்பவர் பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்ட்டனையும் சேர்த்து ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அவர் தீவிரவாதி. பெயர்க் குழப்பத்தில் அண்ணன் பிள்ளையின் பாவம் சித்தப்பாவுக்கு வந்ததுபோல் ஆயிற்று என்று சொல்லுவார்கள். வெறும் குழப்பமாக இருந்தால், அது வேறு ஆள் என்று விளக்கியதும் உத்தரவு ரத்தாகியிருக்க வேண்டுமல்லவா? ஆகவில்லை. 1848-ல் ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்து அடங்கியிருந்த சமயம் அது. குழந்தைகள் கட்டுகிறார்கள், இடிக்கிறார்கள், தாங்களே வேறு மாதிரி கட்டுகிறார்கள். அதைப் பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். மந்திரிக்கு விஷயம் புரியவில்லை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவருக்கு ஓரளவு சரியாகவே புரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஃபிரோபெல் விண்ணப்பம் எழுதினார், விளக்கம் எழுதினார், பலனில்லை. அப்போது அவர் குடியிருந்த மரியன்டால், பிரஷ்யாவுக்கு வெளியே வேறொரு சிற்றரசில் இருந்ததால் அவருடைய சொந்தக் காரியம் நிற்கவில்லை. ஆனால் மனசு நின்றுவிட்டது. 1852-ம் வருஷம் ஜூன் மாதம் 21-ம் தேதி எழுபதாவது வயசில் காலமானார். ஷ்வைனா என்ற ஊரில் அவர் சமாதியின்மேல் கல்லால் ஒரு கனசதுரம், அதன்மேல் ஓர் உருளை, அதன்மேல் ஓர் உருண்டை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பரிசுதான். தடை நீங்கியது 1860-ல்.

தடையினால் ஒரு நன்மையும் விளைந்தது. புரட்சியில் தோற்று நாட்டைவிட்டு ஓடிய ஜெர்மானியர்கள் மூட்டை முடிச்சோடு இந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். லண்டனில் 1851-லேயே ஒரு கிண்டர்கார்ட்டன் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து வாட்டர்டௌன் என்ற சிற்றூரில், 1856-ல் மார்கரெட் ஷூர்ட்ஸ் என்ற ஜெர்மன் பெண் தன் வீட்டுக் குழந்தைகளுக்காக ஒன்று ஆரம்பித்தாள். மில்ட்டன் பிராட்லி என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி 1869-ல் பரிசுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் இவற்றைப் பார்த்த ஒரு தாய், ஒன்பது வயசு மகனுக்கு ஒரு செட் வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பையன் பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்ற கட்டடச் சிற்பி ஃபிராங்க் லாயிட் ரைட் ஆனான். வழவழப்பான அந்த மேப்பிள் மரக்கட்டைகள் கிழவயசிலும் தம் விரல்களை விட்டுப் போகவில்லை என்று அவர் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கவனியுங்கள்: மூளையை விட்டு என்று சொல்லவில்லை, விரல்களை விட்டு என்கிறார்.

இதுவரைக்கும் பகைவர்கள் கதை. இனி பக்தர்கள்.

ஃபிரோபெல் எழுதிய ஜெர்மன் பாஷை மகா கரடுமுரடு. அதைப் படித்து அர்த்தம் சொல்ல ஆசாரியர்கள் கிளம்பினார்கள். கையேடுகள் அச்சாயின. அமெரிக்காவில் மேஜைமீது ஓரங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்துக் கட்டம் போட்டார்கள். ஆசிரியை சொல்வாள்: 'வலப்பக்கத்து மேல் கட்டையை எடு, ஒரு கட்டம் தள்ளி வை.' இருபது குழந்தைகள் எடுத்து வைக்கும். 'இடப்பக்கத்துக் கட்டையை எடு.' எடுக்கும். கிணறு கட்ட ஆசைப்பட்ட குழந்தை கிணறு கட்டக் கூடாது. அன்று பாடம் நாற்காலி. ஸெயின்ட் லூயி நகரில் 1873-ல் பொதுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டனை நிலைநாட்டிய ஸூஸன் ப்ளோ சாமான்யப் பெண் அல்ல; ஏழைக் குழந்தைகளுக்காக உழைத்தவள். அவளே பின்னால், குருநாதர் வைத்த வரிசையில் ஒரு பரிசைக்கூட மாற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள்.

மனோதத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி ஹால் 1895-ல் இந்த ஆசிரியைகளை ஒரு கோடைகாலத்தில் அழைத்து, ஊசியால் குத்திப் புள்ளி வைப்பதும் நுணுக்கமான கட்டைகளும் பிஞ்சுக் கண்ணுக்கும் விரலுக்கும் கெடுதல், பெரிய அசைவுகளுக்கு இடம் கொடுங்கள் என்று சொன்னார். வந்தவர்களில் பெரும்பாலோர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். தங்கிக் கேட்டவர்களில் ஒருத்தி பாட்டி ஸ்மித் ஹில். பாட்டி என்பது உறவு முறையல்ல, பெயர். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயசு. பிற்காலத்தில் அவள், குழந்தைகள் தூக்கி அடுக்கி வீடு கட்டி உள்ளே புகுந்துகொள்ளக்கூடிய பெரிய கட்டைகளைச் செய்வித்தாள். இன்னொரு விஷயம்: அவளும் அவள் தமக்கையும் கிண்டர்கார்ட்டன் குழந்தைகளுக்காகக் காலை வணக்கப் பாட்டு ஒன்று இயற்றி 1893-ல் வெளியிட்டார்கள். அதன் மெட்டைத்தான் இன்று நாம் பிறந்தநாள் கேக் வெட்டும்போது பாடிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவைச் சொல்லி நம்மை விட்டுவிடலாமா? சில வருஷங்களுக்கு முன் நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பாலர் வகுப்பில் ஒரு கண்ணாடி பீரோ. உள்ளே பளபளவென்று வர்ணக் கட்டைகள், மணிச் சட்டம், வளையங்கள். பீரோவில் பூட்டு. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து இரட்டைக்கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டைகளை எப்போது கொடுப்பீர்கள் என்று ஆசிரியையைக் கேட்டேன். "கொடுத்தால் கலைத்துவிடுகிறார்கள், ஸார்!" என்றாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது குழந்தைகள், ஒரு ஆசிரியை, வாசலில் 'இன்னும் ஏ பி சி டி முடியவில்லையா?' என்று கேட்கக் காத்திருக்கும் பெற்றோர்.

பூட்டிய பீரோ என்றதும் ரோமாபுரி ஞாபகம் வருகிறது. இத்தாலியில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்ற சில பெண்களில் ஒருத்தி மரியா மாண்டிஸோரி. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கையின் வழியாகச் சொல்லித்தந்து பார்த்துவிட்டு, மற்றக் குழந்தைகளுக்கும் இதுவே ஏன் கூடாது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பு விசித்திரமாக வந்தது. ஸான் லோரன்ஸோ என்ற ஏழைகள் பேட்டையில் ஒரு கம்பெனி பழைய அடுக்கு வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தது. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் குழந்தைகள் மாடிப்படியில் ஓடிச் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனி ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தது! 1907-ம் வருஷம் ஜனவரி 6-ம் தேதி, ஏறக்குறைய ஐம்பது குழந்தைகளோடு 'குழந்தைகளின் வீடு' திறக்கப்பட்டது.

மாண்டிஸோரியின் சாமான்களில் ஒன்று, பத்துக் குழிகள் உள்ள ஒரு மரக்கட்டை. குழிக்கு ஓர் உருளை. ஒவ்வொன்றும் பருமனில் சற்றே வித்தியாசம். தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். ஆசிரியை தப்பு என்று சொல்லவே வேண்டாம். மூன்று வயசுக் குழந்தை ஒன்று இதை எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு, சுற்றிலும் மற்றவர்கள் பாடினதைக்கூடக் கவனியாமல், நாற்பது தடவைக்குமேல் செய்ததை மாண்டிஸோரி உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்.

சாமான்களை ஆசிரியை தினமும் அலமாரியில் பூட்டிவைத்து, தானே எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டாள். மறுநாள் வரவும் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்திருந்தார்கள். திருட்டுப் புத்தி, தண்டிக்க வேண்டும் என்று ஆசிரியை துடித்தாள். மாண்டிஸோரிக்கு வேறு விதமாகப் பட்டது: எது எதற்கு என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி இவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அன்றிலிருந்து பெரிய அலமாரி போயிற்று. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தட்டுகள் வந்தன. கல்விச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய சம்பவம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

மணல் காகிதத்தில் எழுத்து வடிவங்களை வெட்டி ஒட்டி, அவற்றை விரலால் தடவித் தடவிப் பழகச் செய்தாள். டிஸம்பர் மாதத்தில் வெயிலடித்த ஒருநாள், மொட்டை மாடியில் ஐந்து வயசுப் பையன் ஒருவனிடம் புகைபோக்கியைப் படமாகப் போடச் சொல்லிச் சாக்குக்கட்டி கொடுத்தாள். படம் போட்டவன் கீழேயே ஒரு வார்த்தையையும் எழுதிவிட்டு, எழுத வந்துவிட்டது என்று கூவினான். இதைப் படித்தபோது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல்தான் எனக்கு நினைவு வந்தது. விரலை மணலில் தேய்த்துத் தேய்த்து 'அ' எழுதியவர்கள் நம் முன்னோர்கள். அதைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அநாதை விடுதிப் பையன்களுக்கு மணலைப் பரப்பிக் கொடுத்து எழுதப் பழக்கி, 1797-ல் அதை லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். ஆனால் திண்ணையில் மணலுக்குப் பக்கத்தில் பிரம்பும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மாண்டிஸோரியோடு எனக்குச் சம்மதமில்லை. உருளையை உருளையாகத்தான் பாவிக்க வேண்டும் என்கிறாள். அதை ரயில் எஞ்சினாக்கிக் கூவக் கூடாது. ஃபிரோபெலின் குழந்தை கட்டையை ரயிலாக்கலாம், கோயிலாக்கலாம். கதை எழுதுகிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்ல வேண்டுமா?

ஐரோப்பாவில் அவளுக்கும் சர்க்கார்களோடு ஒத்துவரவில்லை. முஸோலினி முதலில் ஆதரித்தான். 1934-ல் இத்தாலியில் அவள் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் மூடப்பட்டன. பிரஷ்யாவின் மந்திரி சிரித்திருப்பார்! 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில், அறுபத்தொன்பது வயசில், மகன் மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தாள். சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவள் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ இங்கிலீஷில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டாராகிவிட்டார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய் அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். இத்தனை காலமும் உலகம் அவரை வளர்ப்புப் பிள்ளை என்றும் உறவுக்காரப் பையன் என்றுமே நினைத்துக்கொண்டிருந்தது. மணமாகாமல் பெற்ற பிள்ளை. ஆகஸ்டு 31-ம் தேதி அவளுடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. இந்த நாளுக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்ததாகவும், அவளுடைய மகனைத் திருப்பித் தருவதே சரியென்று தோன்றியதாகவும் அதில் கண்டிருந்தது. மகன் என்றே எழுதியிருந்தார்கள்.

யுத்த காலத்தில் இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்தார்கள். மலையில் பள்ளி வைத்து, இலைகளின் வடிவம், பூச்சிகள், கற்கள் என்று காட்டில் கிடைத்ததையெல்லாம் குழந்தைகளின் கையில் கொடுத்துப் பாடமாக்கினார்கள். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்தினா என்ற அம்மாள் கூடவே இருந்து உழைத்தாள். மாண்டிஸோரி ஹாலந்தில் காலமானது 1952-ம் வருஷம் மே 6-ம் தேதி. ஃபிரோபெல் போய்ச் சரியாக நூறாவது வருஷம்.

அவளுடைய சாமான்களில் எனக்குள்ள பெரிய குறை விலைதான். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்த மரச்சாமான், வசதி உள்ளவர்களின் குழந்தைகளுக்கே எட்டும். இதை முதலில் உணர்ந்து காரியத்தில் இறங்கியவர் தாராபாய் மோடக் என்ற மராட்டியப் பெண்மணி. குஜராத்தில் பாவ்நகரில் 1920-ல் பால மந்திர் ஆரம்பித்த கிஜுபாய் பதேகாவோடு அவர் வேலை செய்தவர். கிஜுபாய் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்ல வந்தவர். ஊரார் அவரை 'மீசை வைத்த அம்மா' என்பார்கள். தாராபாய் 1945-ல் பம்பாய்க்கு வடக்கே கடற்கரையில் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே கிளிஞ்சலும் கூழாங்கல்லும் விதையும் இலையும் களிமண்ணும் பரிசுகளாயின. சேரிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே சாமான்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார்கள். முற்றத்துக்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். 1975-ல் தேசம் முழுவதும் குழந்தைகளுக்கான சர்க்கார் திட்டம் ஆரம்பமானபோது அங்கன்வாடி என்ற பெயர் எல்லோருடைய வாயிலும் புழங்கத் தொடங்கியது.

போர்டியில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் அனுதாய் வாக். 1957-ல் இருவரும் கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி என்ற மலைஜாதியார் நடுவில் போனார்கள். அங்கே முற்றத்துக்குப் போனாலும் குழந்தைகள் அகப்படவில்லை. விடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடுவார்கள். மாட்டை விட்டுவிட்டு வா என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அனுதாயின் ஆசிரியைகளும் மாட்டுக்குப் பின்னால் புல்வெளிக்கே போனார்கள். அதற்குப் 'புல்வெளிப் பள்ளி' என்று பெயர். கட்டை, பெட்டி, பீரோ எதுவும் கிடையாது. மரத்தடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிக்கொண்டு, ஒரு கண் மாட்டின்மேலும் ஒரு கண் கணக்கின்மேலுமாகக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.